ரானோவின் பெயரில் ஒரு தொட்டில்

போன வாரம் மஸ்துராவை அடுப்படியில் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். அவள் கையில் அண்ணி ரானோவின் போன். கேக் ஆர்டர் கொடுத்தவர்கள் வீட்டுக்கு வழி காட்ட அனுப்பிய படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. கால்வாயைத் தாண்டி, முசுக்கொட்டை மரங்களுக்கு அடுத்தாற்போல் நீலக் கதவு போட்ட வீடு.

அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அவள் ஏழு வருஷம் மருமகளாக இருந்தாள். வயிறு திறக்கவில்லை என்று அவளைத் திருப்பி அனுப்பியதும் அதே கதவு வழியாகத்தான். இப்போது அந்த வீட்டில் அவள் புருஷனாயிருந்த இல்ஹோமின் புதுப் பெண்டாட்டி நிகோராவுக்குப் பிள்ளை பிறந்து, தொட்டில் விருந்து. அதற்குக் கேக் செய்து கொண்டிருப்பவள் மஸ்துரா.

உங்களில் எத்தனை பேர் இதைப் படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தீர்களோ, எனக்குத் தெரியாது. மஸ்துரா போனை மேஜைமேல் வைத்தாள். கையைக் கழுவினாள். சர்க்கரை மாவை உருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ரானோவுக்கு விஷயம் தெரிந்ததே விருந்தன்று காலையில்தான். கேக்குக்குப் பெட்டி மடித்துக் கொண்டே, "அந்த வீடு எங்கடி இருக்கு? கால்வாய்க்கு அந்தப் பக்கமா?" என்று கேட்டாள்.

"ஆமா. இல்ஹோம் வீடு," என்றாள் மஸ்துரா.

பெட்டி கீழே விழுந்தது.

"எந்த இல்ஹோம்?"

"எத்தனை இல்ஹோம் அண்ணி நமக்குத் தெரியும்?"

"அடிப்பாவி! தெரிஞ்சா செஞ்சே?"

"நேத்துதான் தெரியும். பாதி முடிஞ்சிருந்தது."

"முடிஞ்சிருந்தா? தூக்கிக் கோழிக்குப் போட வேண்டியதுதானே! எவளோ ஒருத்தி நிகோரான்னு பேரு போட்டு ஆர்டர் குடுத்தா, எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? ஏண்டி, நீ அழ மாட்டியா? திட்ட மாட்டியா? ஒரு தட்டையாவது போட்டு உடையேன்!"

"தட்டு வேணும் அண்ணி. கேக்குக்கு அடியில வைக்கணும்."

ரானோ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ரானோ நல்லவள். ஆனால் வாய் இருக்கிறதே, அது எங்கள் மர்கிலான் ஊர்ச் சந்தையில் பாதியை விலை பேசிவிடும். அவளுக்குச் சண்டை தெரியும், சமாதானம் தெரியும், ஒப்பாரி தெரியும். ஒன்றுமே இல்லாமல் ஒருத்தி நிற்பதை என்ன செய்வது என்று மட்டும் தெரியாது.

மஸ்துராவுக்கும் அது பயமாகத்தான் இருந்தது. இல்ஹோம் மறு கல்யாணம் செய்துகொண்டான் என்று கேட்டபோது மனசில் ஒன்றும் அசையவில்லை. மகன் பிறந்திருக்கிறான் என்று தெரிந்தபோதும் அசையவில்லை. கிள்ளிப் பார்த்தாலாவது வலிக்குமா என்று ஒரு நாள் நிஜமாகவே தன் கையைக் கிள்ளிப் பார்த்தாள். வலித்தது, யாருடைய கையோ மாதிரி.

புதிதாக வந்த வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த புதிதில் மஸ்துரா சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். போனில் கேக் அலங்கார வீடியோக்கள் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்று சத்தத்தை அணைத்து வைத்திருப்பாள். பேசுகிற பாஷை எப்படியும் அவளுக்குப் புரியாது. கண்ணால் பார்த்தது கைக்கு வந்தது. பால் பாக்கெட்டின் மூலையை வெட்டி, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கை அதில் அடைத்துப் பூ பிழிந்து பழகினாள். அண்ணன் போதிர் அந்தக் குளிர்காலம் பூராவும் ரோஜாப்பூவாகத் தின்றான். "இன்னைக்கு முள்ளு ஏதும் இல்லையே?" என்று தினமும் கேட்டுவிட்டுத்தான் உட்காருவான்.

பிறகு ஆர்டர் வந்தது. ரானோதான் டெலிகிராமில் பக்கம் திறந்தாள், ரானோதான் பேசினாள், பெயரும் 'ரானோவின் கேக்குகள்'. வேறு வழியில்லை. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் தொட்டில் விருந்துக்கும் வாழாவெட்டி கை பட்ட பண்டம் மேஜை ஏறாது. இரண்டு ஆண் பிள்ளை பெற்ற ரானோ செய்தது என்றால் ஏறும். இதுவரை வந்ததில் இந்தத் தொட்டில் கேக்தான் பெரிய ஆர்டர். தெருவே கூடுகிற விருந்து. நன்றாகப் போனால் ஊர் முழுக்கப் பெயர் பரவும், ரானோவின் பெயர். விஷயம் வெளியே தெரிந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மஸ்துரா மறுபடி சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டியதுதான்.

கேக் என்னவோ அழகாக வந்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கீழே ஒரு பெரிய அடுக்கு, அதற்குமேல் தொட்டில். இரண்டு தலைப்பலகையும் மேலே குறுக்குச் சட்டமும் சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக் குழலில். துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிரும் வெண்ணெயும் சேர்த்து உள்ளே கிரீம். தொட்டில்மேல் போர்த்துகிற பட்டுத்துணி மாதிரி சர்க்கரை மாவைத் தேய்த்து, அதில் எங்கள் ஊர்ப் பட்டின் மேகக் கோலத்தைத் தூரிகையால் போட்டிருந்தாள். தயிரின் ஈரம் ஏறி ஓரங்களில் சாயம் கொஞ்சம் கசிந்துவிட்டது. அசல் பட்டிலும் சாயம் கசிந்துதானே கிடக்கும்? அதனால் தப்பே சரியாகப் போயிற்று.

போர்வையை ஒரு பக்கம் விலக்கிவிட்டிருந்தாள். உள்ளே மெத்தை தெரிந்தது, தலையணை தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தாள். கேக்கைப் பார்த்தாள். "மாஷா அல்லா," என்று ஆரம்பித்தவள், குனிந்து உள்ளே பார்த்ததும் நிமிர்ந்துவிட்டாள்.

"என்னடி இது, காலியா இருக்கு?"

மஸ்துராவுக்கு முதலில் புரியவில்லை. "என்னம்மா காலி?"

"தொட்டில்! காலித் தொட்டிலை யாராவது விருந்துக்கு அனுப்புவாங்களா? காலித் தொட்டிலை ஆட்டினாலே குழந்தைக்கு ஆகாதுன்னு பச்சைப்புள்ளைக்குக் கூடத் தெரியுமே!"

ரானோ நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளும் காலையிலிருந்து கேக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இல்ஹோம் பேச்சில் அது அவள் கண்ணில் படவில்லை.

"வீடியோவுல இப்படித்தாம்மா இருந்துச்சு," என்றாள் மஸ்துரா.

"வீடியோ எந்த ஊருதோ! நீ எந்த ஊருடி? உனக்குத் தோணல?"

மஸ்துரா யோசித்துப் பார்த்தாள். "தோணவே இல்லம்மா. தொட்டில்னாலே எனக்குக் காலியாத்தான் கண்ணுக்குத் தெரியுது."

ரானோ திரும்பிக்கொண்டு வேண்டாத ஒரு கரண்டியைத் துடைத்தாள்.

"அத்தை, இன்னொண்ணும் இருக்கு," என்று கடைசியில் ரானோதான் போட்டு உடைத்தாள். "கேக் போறது இல்ஹோம் வீட்டுக்கு."

அம்மா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லா! குழந்தையில்லன்னு அனுப்பின வீட்டுக்கு, அனுப்பப்பட்டவ கையால, காலித் தொட்டில். நாளைக்கு அந்தக் குழந்தை தும்மினா போதும், சூனியம் வெச்சுட்டான்னு நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. போதிர் எப்படி வெளியில தலை காட்டுவான்?"

"நான் ஒரு பொம்மை செஞ்சு உள்ள படுக்க வெச்சுடறேன் அத்தை," என்று ரானோ மீதியிருந்த சர்க்கரை மாவை எடுத்தாள். தலை உருட்டினாள், உடம்பு உருட்டினாள், கண் வைத்தாள். மூன்று பேரும் பார்த்தார்கள்.

"இது குழந்தையா? போதிர் தின்ன உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு," என்றாள் அம்மா.

"அழகா இருந்தாலும் வேண்டாம் அண்ணி," என்றாள் மஸ்துரா. "கேக்கை வெட்டணும். படுத்திருக்கிற குழந்தைமேல யாரு கத்தி வைப்பா?"

அதுவும் நியாயம்தான். ரானோ பொம்மையை வாயில் போட்டுக்கொண்டாள்.

வழி கண்டுபிடித்தது அம்மாதான். தொட்டிலில் குழந்தை இல்லாத நேரத்தில் தலையணைமேல் ஒரு ரொட்டியை வைப்பது எங்கள் வழக்கம். ரொட்டி இருந்தால் தொட்டில் காலி இல்லை. உள்ளங்கை அளவில் ஒரு ரொட்டி, முத்திரை குத்தி, எள் தூவி, முற்றத்துத் தந்தூர் அடுப்பில் சுட்டெடுத்தால் ஆயிற்று.

மஸ்துரா மாவு டப்பாவை எடுக்கக் கை நீட்டினாள்.

"நீ வேண்டாம்," என்றாள் அம்மா. "ரானோ சுடட்டும்."

"ஏன்?"

"தொட்டிலுக்குள்ள போற ரொட்டிடி. புள்ள பெத்தவ கைதான் படணும். நீ தொடாத."

ரானோவுக்குச் சுர்ரென்று ஏறியது. "நல்லா இருக்கு அத்தை நியாயம்! கேக் பூரா அவ கைதானே?"

"அது அவங்களுக்குத் தெரியாதே."

"உங்களுக்குத் தெரியுமே!"

"எனக்குத் தெரிஞ்சதாலதான் சொல்றேன்," என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். தலைத்துணியின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் சொன்னால் ஊர் வாய். பெற்றவளே நம்புகிறாள் என்றால் என்ன செய்வது? எனக்கு இதை எழுதவே கை கூசுகிறது. மஸ்துரா மாவு டப்பாவை ரானோ பக்கம் நகர்த்தி வைத்தாள். போய் ஜன்னலோரம் நின்றாள். வெளியே மாதுளங்கன்று இலையெல்லாம் உதிர்த்துவிட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு வலிக்கும் என்று நினைத்தாள், வலிக்கவில்லை.

ரொட்டி அடுப்பிலிருந்து வந்து ஆறிக்கொண்டிருந்தது. சுடச்சுட வைத்தால் சர்க்கரைத் தலையணை உருகிவிடும். அதற்குள் வாசலில் டாக்சி வந்து நின்றது.

கேக்கை நம் வீட்டிலிருந்து கொண்டு போய்க் கொடுப்பதாகத்தான் பேச்சு; வாங்கிப் போக அவர்களே ஆள் அனுப்பிவிட்டார்கள், அதற்கு வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். வந்தவள் மத்லூபா, இல்ஹோமின் மூத்த அக்கா. பழைய வாசகிகளுக்கு அவளைத் தெரியும். மஸ்துராவின் பெட்டி படுக்கையைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்ட புண்ணியவதி. தாட்டியான உடம்பு, வெண்கலத் தொண்டை. அவள் வந்தால் அந்த வீட்டு மருமகள்கள் தும்மலைக் கூட அடக்கிக்கொள்வார்கள்.

இன்று வந்தவள் பாதியாக இளைத்திருந்தாள். தொளதொளவென்று ஒரு வெல்வெட் அங்கி, நெஞ்சின் குறுக்கே இழுத்துச் செருகிய சால்வை.

"ரானோங்கிறது யாரு? தொட்டில் கேக்..." என்றபடி உள்ளே வந்தவள், ஜன்னலோரம் நின்றவளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நீயா?"

"நான்தான் ரானோ," என்று முன்னால் வந்து நின்றாள் ரானோ. "இது நான் வாழ்க்கைப்பட்ட வீடு. கேக் நான் செஞ்சது. வாங்க அக்கா, உக்காருங்க, டீ குடிங்க, கேக்கை எடுத்துட்டுக் கிளம்புங்க."

மத்லூபா உட்காரவில்லை. ரானோவின் விரல்களைப் பார்த்தாள். பிறகு மஸ்துராவின் விரல்களைப் பார்த்தாள்.

"பொய் சொல்லாத. நகத்துல சாயம் யாருக்கு இருக்கு?"

மாட்டிக்கொண்டார்கள். எதிரியே வந்தாலும் ரொட்டி பிய்த்து வைக்காமல் இருக்க அம்மாவுக்குத் தெரியாது. கை பாட்டுக்குத் தேநீர்க் கிண்ணத்தை நீட்ட, வாய் பாட்டுக்குக் கெஞ்சியது.

"மத்லூபா, மகளே, நீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா பயப்படாத. தொட்டில்ல வைக்கிற ரொட்டி ரானோ சுட்டது. ரெண்டு ஆம்பளைப் புள்ள பெத்தவ. இவ கை அதுல படவே இல்ல. நானே தொடாதன்னு சொல்லிட்டேன். உங்க குழந்தைக்கு ஒரு குறையும் வராது."

மத்லூபா சிரித்தாள். சிரிப்பென்றால் கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு.

"யாரு கை பட்டா என்னம்மா? பெத்தவ கைதான் படக் கூடாதுன்னு அங்க சட்டம் போட்டிருக்கு."

"என்ன சொல்ற? நிகோரா கை ஏன் படக் கூடாது?"

"நிகோராவா பெத்தா?" என்றாள் மத்லூபா. "நான் பெத்தேன்."

ரானோ திறந்த வாயை மூடவில்லை. மத்லூபா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், வேறு யாருடைய கதையோ மாதிரி சொன்னாள்.

"எனக்கு இது அஞ்சாவது. தம்பிக்கு ஒண்ணு கூட இல்ல. ரெண்டாம் கல்யாணம் ஆகியும் இல்லன்னா ஊர் சிரிக்கும்னு அம்மா கால்ல விழுந்து கேட்டாங்க. நான் தாஷ்கந்துல என் வீட்டுக்காரர்கிட்டவே இருந்துட்டேன், என் வயித்தை இங்க யாரும் பாக்கல. நிகோராவுக்கு இங்க வயித்துல துணியைக் கட்டிவிட்டாங்க. அப்புறம் உடம்புக்கு முடியலன்னு என்கிட்ட அனுப்பினாங்க. திரும்பும்போது குழந்தையோட வந்தா. அவ அம்மா அப்பாவுக்குக் கூடத் தெரியாது. பாவம், வீடு கொள்ளாத சீரோட தொட்டில் கொண்டு வந்திருக்காங்க."

"ரெண்டாம் கல்யாணம் ஆகியும் இல்லன்னா..." என்று ரானோ மெதுவாக ஆரம்பித்தாள். அவள் எதைத் தொடப் போகிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மஸ்துராவே கேட்டாள். "அப்ப எனக்கு?"

"உனக்கு ஒரு குறையும் கிடையாது. தாஷ்கந்துல உங்க ரெண்டு பேரையும் சோதிச்ச டாக்டரம்மா இல்ஹோமுக்குத்தான் குறைன்னு என்கிட்ட சொன்னாங்க. கூட வந்தது நான். அம்மா வாயை மூடிக்கச் சொன்னாங்க. மூடிக்கிட்டேன். உன் பெட்டியைக் கட்டும்போதும் மூடிக்கிட்டுதான் இருந்தேன்."

ரானோ பூரிக்கட்டையைக் கையில் எடுத்துவிட்டாள். "நீங்கள்லாம் மனுஷங்களா? உங்க வீட்டுக் குறையை இவ தலையில கட்டி, ஊரெல்லாம் மலடின்னு பட்டம் குடுத்து... இவ மூஞ்சியைப் பாருங்க! சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு கேளுங்க! இப்பவே தெருவுல நின்னு சொல்றேன் பாரு, மர்கிலானே கேக்கட்டும்!"

"அண்ணி," என்றாள் மஸ்துரா. ரானோ நின்றாள்.

மஸ்துரா கோபம் வரும் என்று காத்திருந்தாள். ஏழு வருஷத்துக் கோபம், அதற்கப்புறம் சுவரைப் பார்த்துக் கிடந்த நாட்களின் கோபம், எல்லாம் வாசலில் வந்து நின்றாக வேண்டுமே. எதுவும் வரவில்லை. மத்லூபாவின் சால்வையில் ஈரம் பரவுவதுதான் அவள் கண்ணில் பட்டது.

"பால் கட்டியிருக்கா அக்கா?"

மத்லூபா குனிந்து பார்த்துச் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பாட்டிலை வாயில வெச்சா துப்பிடறான். அதுக்குன்னே இங்க பக்கத்துத் தெருவுல தங்கி, தினமும் பின்வாசல் வழியாப் போய்க் குடுத்துட்டு வருவேன். இன்னைக்கு வீடு பூரா ஜனம். எப்படிக் குடுப்பேன்? அவன் அழுறதைக் கேட்டுக்கிட்டு அங்க நிக்க முடியல. கேக்கை நான் வாங்கிட்டு வரேன்னு கிளம்பி வந்துட்டேன்."

"அழுதீங்களா?"

"வரல மஸ்துரா. தூக்கிக் குடுத்த அன்னைக்கோட நின்னு போச்சு."

"எனக்கும் வரல," என்றாள் மஸ்துரா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அம்மா எழுந்தாள். துணியில் ஆறிக் கிடந்த ரொட்டியை எடுத்தாள். மகள் எதிரில் வந்து நின்று நீட்டினாள்.

"என் வாயில மண்ணை அள்ளிப் போட. நீயே வைம்மா."

"ரானோ அண்ணியே வைக்கட்டும்மா. அவங்கதானே சுட்டாங்க."

"நீ வைடி," என்று அம்மா அழுதுவிட்டாள். "நீ வைக்கலன்னா எனக்குச் சோறு இறங்காது."

மஸ்துரா ரொட்டியை வாங்கித் தலையணைமேல் வைத்தாள். சரிந்திருந்த போர்வையை விரல் நுனியால் சரி செய்தாள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

பிறகு ஏப்ரனைக் கழற்றினாள். முடிந்து வைத்திருந்த தலைத்துணியை மாற்றிக் கட்டினாள்.

"ரெண்டடுக்கு கேக். வழியெல்லாம் பள்ளம். மடியில வெச்சுப் பிடிக்க ஆள் வேணும். நான் வரேன்."

மத்லூபாவின் முகம் வெளிறிப்போனது. "அங்கயா? மஸ்துரா, ஊரே இருக்கும். அங்க வந்து என்ன சொல்லுவே?"

"தெரியல அக்கா."

"எனக்காக வேண்டாம். அந்தக் குழந்தைக்காக..."

"தெரியலன்னுதான் சொல்றேன். சொல்ல மாட்டேன்னு சொல்லல, சொல்லுவேன்னும் சொல்லல. கதவைப் பிடிங்க, கேக் இடிக்கும்."

ரானோ கூட வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். "வேண்டாம் அண்ணி. நீங்க வந்தா இது உங்க கேக் ஆயிடும்," என்றாள் மஸ்துரா. ரானோ செருப்பை மாட்டியபடியே வாசலில் நின்றுவிட்டாள்.

வழியில் டாக்சிக்காரன் தொட்டிலைக் கண்ணாடியில் பார்த்து, "ஆம்பளைப் புள்ளையா, பொம்பளைப் புள்ளையா?" என்று கேட்டான். "ஆம்பளை," என்றாள் மத்லூபா. "உங்க பேரனா?" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீலக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே கைப்பறை முழங்கியது. முற்றம் முழுக்கப் பெண்கள், ஜிகினாத் துணியும் சீர் மூட்டையும். முன்னாள் மாமியார் சாலிஹா அம்மாள் வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் கட்டித் தழுவி வரவேற்றுக்கொண்டிருந்தாள். தலைமேல் வெள்ளைத்துணி, முகம் நிறையச் சிரிப்பு.

பறைச் சத்தத்தையும் மீறிப் பின்கட்டிலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. தொண்டை கட்டிப்போன அழுகை, ரொம்ப நேரமாக அழுதிருக்க வேண்டும்.

மத்லூபாவின் கால் நகரவில்லை. பின்கட்டுக்குப் போக வேண்டுமானால் இத்தனை பெண்களின் கண்ணையும் தாண்டித்தான் போயாக வேண்டும். குழந்தை அழுதால் பெற்ற தாய் ஓடுவாள், அத்தை ஏன் ஓடுகிறாள் என்று கேட்க அங்கே ஆயிரம் வாய் உண்டு. சால்வையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, விருந்தாளி மாதிரி கதவோரம் நின்றாள்.

மஸ்துரா அதைப் பார்த்தாள்.

இந்த முற்றத்தில் எதைச் சொன்னால் என்ன ஆகும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவள்தான். ஒரே ஒரு வார்த்தை போதும். மலடி என்ற பட்டம் அவள் தலையிலிருந்து இறங்கி, இந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

குழந்தை மறுபடி வீறிட்டது.

"போங்க அக்கா," என்றாள் மெதுவாக. "இவங்களை நான் பாத்துக்கறேன்."

மத்லூபாவுக்குப் புரியுமுன் மஸ்துரா முற்றத்தின் நடுவே நடந்தாள். இரண்டு கையிலும் தொட்டில். அத்தனை வருஷமும் அந்த வீட்டில் அவள் குரலை உயர்த்தியதில்லை. இப்போது உயர்த்தினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்!"

பறை நின்றது. தலைகள் எல்லாம் திரும்பின. "இவ மஸ்துரா இல்ல?" "மூத்தவளேதான்!" "அடியம்மா, கையில தொட்டிலைப் பாரு!" என்று கிசுகிசு முற்றத்தைச் சுற்றி ஓடியது. ஒருத்தி நன்றாகப் பார்க்க நாற்காலிமேலேயே ஏறிவிட்டாள். அந்த நிமிஷம் முற்றத்தில் யார் எங்கே நழுவினாலும் பார்க்க ஆள் இல்லை.

சாலிஹா அம்மாள் வேகமாக வந்தாள். சிரிப்பை வாயில் அப்படியே வைத்துக்கொண்டு பல்லிடுக்கில் கேட்டாள். "நீ எதுக்குடி இங்க வந்தே?"

"கேக் கொண்டு வந்திருக்கேன் அத்தை."

"ரானோன்னு ஒருத்திகிட்டதான் நிகோரா சொல்லியிருந்தா."

"ரானோ என் அண்ணி. கேக் செஞ்சது நான்," என்றாள் மஸ்துரா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பேரை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க. மஸ்துரா. அடுப்பு பத்த வெச்சதுல இருந்து பூ வெச்ச வரைக்கும் நான்தான். மேல போட்டிருக்கிறது நம்ம ஊருப் பட்டுக் கோலம். உள்ள ரொட்டி வெச்சிருக்கு, எட்டிப் பாருங்க. இந்தச் சட்டம் இருக்கே, இது பிஸ்கட்..."

எதை எதையோ சொல்லிக்கொண்டே போனாள். அவளுக்கு அவ்வளவு பேச வரும் என்று அவளுக்கே தெரியாது. பயமாக இருந்தது, வெட்கமாக இருந்தது, கண் எரிந்தது. இத்தனையும் ஒரே நேரத்தில் எங்கிருந்து வந்தன என்று யோசிக்கக் கூட நேரமில்லை.

சாலிஹா அம்மாள் வாயைத் திறந்தாள். எல்லோர் முன்னாலும் வெளியே போ என்று சொல்லத்தான் திறந்தாள்.

பின்கட்டில் அழுகை சட்டென்று நின்றது.

சாலிஹா அம்மாளின் கண் பின்கட்டுப் பக்கம் போனது. பிறகு கூட்டத்தில் மகளைத் தேடியது, கதவோரம் தேடியது. கடைசியில் மஸ்துராவின் முகத்துக்குத் திரும்பியது. வாயிலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிற்று.

"உனக்கு..." என்று ஆரம்பித்தவள் மேலே சொல்லவில்லை.

"கை வலிக்குது அத்தை," என்றாள் மஸ்துரா. "எங்க வைக்கட்டும்?"